வாசலில் நின்ற இளவரசன்

பங்குனிப் பொங்கலுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே வெள்ளைத்துரை மீசையை வளரவிடத் தொடங்கிவிடுவார். மற்ற மாதங்களில் அவர் நாரணாபுரத்தை ஒட்டிய பட்டாசு கம்பெனி ஒன்றில் லோடுமேன். குடோனிலிருந்து பெட்டிகளைத் தோளில் சுமந்துவந்து லாரியில் அடுக்கும் வேலை. மேஸ்திரி 'ஏய்' என்றால் நிற்க வேண்டும், கையைக் காட்டினால் நடக்க வேண்டும். ஆனால் ஊர் அம்மன் கோயில் பொங்கலுக்குப் போடும் நாடகத்தில் அவர்தான் இளவரசன் விசயதீரன். அவர் இளந்தாரியாக இருந்த காலத்திலிருந்து அந்த வேஷத்தை ஊரில் வேறு யாரும் கட்டியதில்லை.

நாடகத்தின் பெயர் 'மாணிக்கவல்லி மணமாலை'. பூக்கட்டுகிறவரின் மகள் மாணிக்கவல்லியைக் குளக்கரையில் பார்த்து மனதைப் பறிகொடுக்கிறான் விசயதீரன். அவள் வேண்டாம் என்கிறாள். தகப்பன் ராஜா பார்த்து வைத்த பெண்களையெல்லாம் ஒதுக்கிவிட்டுக் கிரீடத்தைக் கழற்றி எறிகிறான். மறுபடி கேட்கிறான், மறுபடியும் வேண்டாம் என்கிறாள். கடைசியில் அவள் வீட்டு வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்று, வாளால் கையைக் கீறி வாசற்படியில் ரத்தம் சிந்துகிறான். கதவு திறக்கிறது, மாலை விழுகிறது. அந்த வாசல் கட்டத்துக்கு விசிலடிப்பதற்கென்றே பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள்.

வெள்ளைத்துரைக்கு விசயதீரன் வெறும் வேஷம் இல்லை. அவனிடம் நல்ல குணங்கள் நிறைய இருந்தன. அவன் குடிக்கமாட்டான், இன்னொரு பெண்ணை ஏறிட்டுப் பார்க்கமாட்டான். பூக்கட்டுகிறவர் முன்னால் இளவரசன் கைகட்டி நிற்பான். சொன்ன வாக்குக்காக நாட்டையே விட்டுக்கொடுப்பான். பெட்டி தூக்கித் தூக்கித் தோல் கெட்டிப்பட்ட தோளில் சரிகை அங்கவஸ்திரம் விழும்போதெல்லாம், தானும் அப்படிப்பட்ட ஆள்தான் என்று அவருக்குத் தோன்றும். அதில் பொய்யும் இல்லை. கூட வேலை பார்ப்பவர்கள் சனிக்கிழமை சம்பளத்தோடு ஒயின்ஷாப்புக்குத் திரும்பும்போது அவர் நேராக வீட்டுக்குத் திரும்புவார். மனைவி சின்னத்தாய் மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை.

சின்னத்தாய் ஆனைக்குட்டத்துக்காரி. இப்போது கம்பெனியில் பட்டாசுச் சரம் பின்னுகிறாள். அவளைக் கட்டிய கதையைச் சொல்லச் சொல்லி டீக்கடையில் இளவட்டங்கள் அவரைச் சுற்றி உட்காருவார்கள்.

"எங்க மாமனார் முடியாதுன்னுட்டாரு. இவளும் முடியாதுன்னுட்டா. விட்டனா நானு? அவுக வீட்டுக்கு எதுக்கால போயி நின்னேன். பொங்கல் போயி, ஆடி வந்துருச்சு. நின்னுக்கிட்டேதான் இருந்தேன். கடைசியில மாமனாரே கூப்பிட்டு, 'வாங்க மாப்ள'ன்னாரு!"

சொல்லி முடிக்கும்போது எல்லோரும் கைதட்டுவார்கள். அவருக்கு டீ தானாக வந்துவிடும்.

இரண்டாயிரத்து ஆறில் நடந்த பொங்கலில்தான் முதன்முதலாக ஒரு நெருடல். பத்து மணிக்குள் மைக்கை அணைத்துவிட வேண்டும் என்று போலீசில் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் பொழுது சாய்ந்ததுமே நாடகத்தை ஆரம்பித்துவிட்டார்கள். வெள்ளைத்துரையின் மகள் எழில் வழக்கம்போல முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பிளஸ் டூ முடித்துவிட்டுச் சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் தாள் அடுக்கும் வேலைக்குப் போகிறவள். சின்ன வயதிலிருந்து அப்பாவின் நாடகத்தை ஒரு வருடம்கூட விட்டதில்லை. வாசல் கட்டம் வந்தது. மண்டியிட்டபடி வெள்ளைத்துரை வாளை உருவினார்.

"இல்லையெனும் சொல்லை என் செவி அறியாது, மாணிக்கமே! இந்த வாசற்படி எனக்கு மணமேடை, இல்லையேல் மயானம்!"

கூட்டம் கூச்சல் போட்டது. அந்த நேரம் பார்த்து எழில் எழுந்தாள். பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஆட்களை விலக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். மேடையிலிருந்து அவர் அதைப் பார்த்துவிட்டார். அடுத்த வரி ஒரு கணம் தடுமாறிற்று.

மறுநாள் கேட்டதற்கு, "தலவலிப்பா" என்றாள்.

உண்மைக் காரணத்தைச் சின்னத்தாய்தான் சொன்னாள். மாரிக்கண்ணன் எழிலின் பின்னால் சுற்றுகிறான்.

மாரிக்கண்ணன் வெள்ளைத்துரையோடு லோடு ஏற்றுகிற பையன். ஒன்றுவிட்ட உறவு, அவரை மாமா என்றுதான் கூப்பிடுவான். நாடகத்தில் காவலாளி வேஷம். வசனமே கிடையாது, ஈட்டியைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்க வேண்டும். நின்று நின்று விசயதீரனின் வசனம் முழுவதும் அவனுக்கு மனப்பாடம். பீடி சிகரெட் தொடமாட்டான். அவர் தோளில் பெட்டி கனத்தால் ஓடிவந்து வாங்கிக்கொள்வான்.

கேட்டதும் வெள்ளைத்துரைக்குக் கோபம் வரவில்லை. உள்ளுக்குள் ஒரு பூரிப்புத்தான் வந்தது. அன்று மாலை சாப்பிட உட்கார்ந்தபோது சிரித்துக்கொண்டே மகளிடம் பேச்சை எடுத்தார்.

"நல்ல பயதான எழிலு. நம்ம பய."

"எனக்கு வேண்டாம்ப்பா. நேர்லயே சொல்லிட்டேன். ரெண்டு தடவ சொல்லிட்டேன்."

"மொதல்ல அப்படித்தான் தாயி இருக்கும். உங்கம்மாவும் அப்படித்தான் சொன்னா. கேட்டுப் பாரு."

எழில் அம்மாவைப் பார்த்தாள். சின்னத்தாய் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு விஷயம் முற்றியது. எழில் ஏறும் பஸ்ஸில் மாரிக்கண்ணனும் ஏறினான். சிவகாசி பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் நடுவில் அவள் முன்னால் மண்டியிட்டு, தொண்டை கிழிய 'மாணிக்கமே' என்று கூப்பிட்டான். பிரஸ்ஸில் கூட வேலை பார்க்கும் பெண்கள் அதைப் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து அவள் உள்ளே நுழைந்தாலே 'மாணிக்கம் வந்தாச்சு' என்று சிரிப்பு. 'வெளிய உள்ள சமாச்சாரத்த வெளியவே முடிச்சிட்டு வாம்மா' என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். எழில் வேலைக்குப் போவதை நிறுத்தினாள். தண்ணீர் பிடிக்கக்கூடத் தெருக்குழாய்க்குப் போகவில்லை.

"அந்தப் பயல ஒரு சத்தம் போடுங்க. நீங்க சொன்னாக் கேப்பான்" என்றாள் சின்னத்தாய்.

"சொல்றேன் சொல்றேன்."

சொல்லவும் செய்தார். லாரிக்கு அடியில் நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது மாரிக்கண்ணனின் முதுகில் தட்டி, "அவசரப்படாதலே. பொறுமை வேணும். பொண்ணு மனசு சட்டுனு இளகிராது" என்றார். பையன் முகம் மலர்ந்துவிட்டது. தான் எச்சரித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அவர் அடுத்த பெட்டியைத் தூக்கப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரிக்கண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

யார் கூப்பிட்டும் பதில் இல்லை. வெயில் ஏறியது. லீவு நாளானதால் தெருவே கூடிவிட்டது. பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்தபடியே நின்றார்கள். எதிர்வீட்டுச் செல்லச்சாமி, "ஏலே வெள்ளத்தொர, ஒன்னயப் பாத்தாப்புலயே இருக்குலே!" என்று உரக்கச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்குள் நிலைப்படிக்குப் பின்னால் நின்ற வெள்ளைத்துரையின் வாயோரத்திலும் சிரிப்பு வந்தது. எழில் சுவரோரமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவைச் சாத்தச் சொல்லி இரண்டு முறை கேட்டாள். பட்டப்பகலில் கதவைச் சாத்தினால் ஊர் என்ன நினைக்கும் என்று அவர் சாத்தவில்லை.

உச்சி வெயிலில் மாரிக்கண்ணன் மண்டியிட்டான். சட்டைப் பையிலிருந்து பிளேடை எடுத்து இடது முன்கையில் இழுத்தான். கூட்டத்தில் ஒரு பெண் அலறினாள். வாசற்படியில் ரத்தம் சொட்ட, அவன் உள்ளே பார்த்துச் சொன்னான்:

"இல்லையெனும் சொல்லை என் செவி அறியாது, மாணிக்கமே..."

குரல்கூட வெள்ளைத்துரையின் குரல்தான். அதே ஏற்றம், அதே இழுப்பு. அவருடைய உதடுகள் அவரைக் கேட்காமலே அசைந்தன. 'இந்த வாசற்படி எனக்கு மணமேடை' என்று சத்தமில்லாமல் அவனோடு சேர்ந்து அவரும் சொல்லிவிட்டார்.

சொல்லி முடித்தபின்தான் பக்கவாட்டில் திரும்பினார். எழில் அவனைப் பார்க்கவில்லை. அப்பாவின் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். கோபம் இல்லை. யாரென்று தெரியாத ஒரு ஆள் வீட்டுக்குள் நிற்பதைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். வெள்ளைத்துரைக்குக் காது மடலெல்லாம் தீப்பிடித்ததுபோல் ஆனது. வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பிறகுதான் ஓடிப்போய்ப் பையனைத் தூக்கினார்.

காயம் ஆழமில்லை. ஆஸ்பத்திரியில் தையல் போட்ட நர்ஸ் எப்படி ஆனது என்று கேட்டதற்கு, தகரம் கிழித்துவிட்டது என்று வெள்ளைத்துரை பொய் சொன்னார். நர்ஸ் நம்பவில்லை. இருந்தாலும் மேற்கொண்டு கேட்கவில்லை. கட்டுப்போட்ட கையோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாரிக்கண்ணன் கூட்டத்தைப் பற்றியோ வலியைப் பற்றியோ பேசவில்லை.

"மாமா, எழிலு ஏன் வெளிய வரல? நான் எதையும் விட்டுட்டனா?"

"ஏலே, அது நாடகம்லே."

"நீங்க அத்தையக் கட்டுனதும் நாடகமா மாமா? டீக்கடையில எத்தன தடவ சொல்லியிருக்கீக? நீங்கதான பொறுமையா இருன்னு சொன்னீக?"

அவன் கேலி செய்யவில்லை, சண்டைக்கும் வரவில்லை. பாடத்தை ஒழுங்காகப் படித்தும் பெயிலாகிவிட்ட பையன் வாத்தியாரிடம் கேட்பதுபோல் கேட்டான். அவனைத் திட்ட அவருக்கு வாய் வரவில்லை. அதற்குள் அவனைப் பெற்றவர்கள் அழுதுகொண்டே ஓடிவந்தார்கள். அவனுடைய தாய் பத்திரகாளி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாச்சும் கூட இருந்தீகளே அண்ணே" என்றாள். கையை உருவிக்கொள்ளவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் அவர் நெளிந்தார்.

அவர் வீட்டுக்குத் திரும்பியபோது சின்னத்தாய் வாசற்படியைத் தென்னை விளக்குமாறால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். தெருவில் ஆள் நடமாட்டம் அடங்கியிருந்தது. எழில் உள்ளே படுத்திருந்தாள்.

வெள்ளைத்துரை படிக்கு வெளியே, ஈரத்தை மிதிக்காமல் நின்றார். கேட்க வேண்டியதைக் கேட்காமல் உள்ளே போக முடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"சின்னத்தாயி, நான் ஆனைக்குட்டத்துல ஒங்க வீட்டு முன்னால வந்து நின்னேன்ல, அப்ப ஒனக்கு என்னையப் பிடிச்சிருந்துச்சா?"

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லு."

"பயமா இருந்துச்சு."

"என்னையப் பாத்தா?"

"வேற யாரப் பாத்து? பதினேழு வயசு எனக்கு. கதவத் தொறந்தா நிக்கீக. கம்மாய்க்குப் போனா பின்னாலயே வாரீக. எங்கூடப் படிச்ச புள்ளைக எங்கிட்டப் பேசுறத விட்டுட்டாளுக. எங்கய்யா, நீ சிரிச்சிருப்ப, அதான் அவன் நிக்கான்னு என்னைய அடிச்சாரு. நான் சிரிக்கவே இல்ல."

வெள்ளைத்துரைக்கு இது எதுவும் தெரியாது. அடி வாங்கியதை இத்தனை வருடத்தில் அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. வாசலில் நின்ற கதையில் அவருடைய கால் வலித்தது, வெயில் அடித்தது, மாமனார் முறைத்தார். உள்ளே இருந்தவளைப் பற்றி அந்தக் கதையில் ஒரு வரிகூட இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"பெறகு எப்படிச் சம்மதிச்ச?"

"நான் எங்க சம்மதிச்சேன்? ஊரெல்லாம் பேச்சாகிப்போச்சு. இனி வேற எவன் கட்டுவான்னு எங்கய்யா குடுத்துட்டாரு." விளக்குமாற்றைச் சுவரில் தட்டி நீரை உதறினாள். "நீங்க நல்ல மனுசன்தான். குடிக்கல, அடிக்கல. போகப்போக எனக்கும் ஒட்டிக்கிருச்சு. அது வேற. அன்னைக்கு எங்கிட்டக் கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"சொன்னியே" என்றார் வெள்ளைத்துரை. சொன்ன பிறகு அந்த வார்த்தையின் அர்த்தம் புரிந்து தலையைத் தொங்கப்போட்டார்.

"ஆமா. சொன்னேன்" என்றாள் அவள்.

அன்று அவர் சாப்பிடவில்லை. டீக்கடையில் தான் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன ஒவ்வொரு தடவையும் நினைவில் வந்தது. அவற்றில் எத்தனையோ தடவை சின்னத்தாய் அந்த வழியாகத் தூக்குவாளியோடு நடந்து போயிருக்கிறாள். 'அந்தா போறாகல்ல அத்த, அவுகளுக்குத்தான் நின்னேன்' என்று அவர் விரலை நீட்டிக் காட்டியிருக்கிறார். அவள் தலையைக் குனிந்துகொண்டு போவாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக் கூட்டமும் அவரும் சிரித்திருக்கிறார்கள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மாரிக்கண்ணன் வீட்டுக்குப் போனார். பெற்றவர்கள் இருக்கும்போதே பேசினார்.

"என் மகளுக்கு இதுல இஷ்டம் இல்ல. அவ வேண்டாம்னு தெளிவாச் சொல்லிட்டா. அதத்தான் நான் ஒங்கிட்ட மொத நாளே சொல்லியிருக்கணும். பொறுமையா இருன்னு சொன்னது என் தப்புலே. நான் சொன்ன கதையும் தப்பு. ஒங்க அத்தைக்கு அன்னைக்கு என்னையப் பிடிக்கல. எனக்கே நேத்துத்தான் தெரியும்."

மாரிக்கண்ணனுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அவனுடைய தகப்பன்தான் வெடுக்கென்று, "பொண்டாட்டி சமாச்சாரத்தையெல்லாம் சபையில சொல்ற, வெக்கமா இல்லையாய்யா?" என்றார்.

"இருக்குய்யா. ரொம்ப இருக்கு" என்று சொல்லிவிட்டு வெள்ளைத்துரை எழுந்து வந்தார்.

பையனைத் திருப்பூரில் இருந்த சித்தப்பாவிடம் அனுப்பிவிட்டார்கள். பனியன் கம்பெனியில் சேர்ந்து, போனவன் போனவன்தான். ஒரு பொங்கலுக்கு வந்தபோது எழிலைப் பார்த்துவிட்டு, வந்த சந்திலேயே திரும்பிப் போனான் என்று கேள்வி.

எழில் அவ்வளவு சுலபத்தில் ஆறவில்லை. பழைய பிரஸ்ஸில் சூப்பர்வைசரிடம் தான் வந்து பேசுவதாக வெள்ளைத்துரை சொன்னார். "நீங்க வர வேண்டாம்" என்றாள். தானே அலைந்து விருதுநகரில் ஒரு கடையில் பில் போடும் வேலை தேடிக்கொண்டாள். அப்பாவிடம் பேச்சு வேண்டியதற்கு மட்டும்தான். சாப்பாடு எடுத்து வைப்பாள், செருப்பை எடுத்துக் கொடுப்பாள், முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். மகளின் எதிரில் வாயைத் திறக்கவே அவருக்குக் கூசியது. சாப்பிடும்போதுகூட உதடு தெரியாமல் குனிந்துகொண்டு சாப்பிடுவார்.

மறு வருடம் நாடக வாத்தியார் தனுஷ்கோடி ஆர்மோனியத்தோடு ஒத்திகைக்கு வந்தபோது வெள்ளைத்துரை மீசை இல்லாமல் எதிரே போய் நின்றார்.

"அந்த வாசல் கட்டத்த எடுத்துருங்க அண்ணாச்சி. அவ ரெண்டாந்தடவ வேண்டாம்னு சொன்னதும் அவன் திரும்பிப் போற மாதிரி வெச்சுக்கிருவோம்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "திரும்பிப் போனா நாடகம் ஏதுய்யா? அந்தக் கட்டத்துக்குத்தான் ஊரே வருது. பாதியில படுதாவ எறக்கவா?"

"அப்ப எனக்கு வேண்டாம் அண்ணாச்சி."

அவரை வைத்துக்கொள்ள எத்தனையோ சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் முனியராஜ் என்ற பையனுக்கு அந்த வேஷம் போனது. அவனும் நன்றாகவே செய்தான். வீட்டில் கட்டிலில் உட்கார்ந்திருந்த வெள்ளைத்துரையின் காதில் விசில் சத்தம் விழுந்தது. அந்த வசனங்கள் வேண்டும் வேண்டும் என்று தொண்டைவரை வந்து முட்டின. இத்தனைக்குப் பிறகும் அந்த ஆசை சாகவில்லையே என்று தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

அந்த வருடம் ஆவணியில் சாத்தூரிலிருந்து எழிலைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம். பூவும் பழமும் வாங்கி வைத்திருந்தார்கள், சொந்தமெல்லாம் கூடியிருந்தது. மாப்பிள்ளையின் தாய், "எங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. தட்ட மாத்திக்கிருவோமா?" என்று சிரித்தாள். வெள்ளைத்துரை, "ஒரு நிமிசம்" என்று எழுந்து அடுப்படிக்குப் போனார். மகளிடம் அவர் கேட்டது சின்னத்தாயின் காதில்கூடச் சரியாக விழவில்லை, அவ்வளவு மெதுவாகக் கேட்டார். எழில் வெகுநாளைக்குப் பிறகு முதல்முறையாக அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இல்லை என்று தலையசைத்தாள்.

அவர் வெளியே வந்து, நின்றபடியே, "பிள்ளைக்கு இஷ்டமில்ல. மன்னிச்சுக்கிடுங்க" என்றார். வந்தவர்கள் முகம் சுண்டிப்போய்க் கிளம்பினார்கள். சொந்தக்காரர்கள் அவரை ஆண்பிள்ளையா என்று கேட்டார்கள். எழில் பிறகு தானே பார்த்துச் சொன்ன ஒருவனை, விருதுநகர்க் கடையில் கூட வேலை பார்த்த பையனை, இருக்கன்குடிக் கோயிலில் வைத்துக் கட்டிக்கொண்டாள். தாலி கட்டும்போது வெள்ளைத்துரை கூட்டத்தின் பின்னால் தூணை ஒட்டி நின்றிருந்தார். மகள் கழுத்தைத் திருப்பித் தேடி, அவரைக் கண்டுபிடித்து, முன்னால் வரச்சொல்லிக் கண்ணால் காட்டினாள். போனார். ஆனால் அவள் கண்ணைச் சந்திக்க அன்றும் அவரால் முடியவில்லை.

இப்போது வீட்டில் அவரும் சின்னத்தாயும் மட்டும்தான். எதற்கெடுத்தாலும் அவளிடம் கேட்கும் பழக்கம் அவருக்கு வந்திருக்கிறது. இட்லி போதுமா, கதவைச் சாத்தட்டுமா, பஸ்ஸில் போவோமா நடந்து போவோமா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். "இதெல்லாமா கேப்பீக? பேசாம இருங்க" என்று அவள் சலித்துக்கொள்வாள்.

ஒருநாள் காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது பின்னாலேயே போய்க் கேட்டுவிட்டார்.

"என்னையக் கட்டிக்கிட ஒனக்குச் சம்மதமான்னு அன்னைக்கு நான் கேக்காமப் போனதுதான். இப்பக் கேட்டா என்ன சொல்லுவ?"

சின்னத்தாய் தூக்குவாளியை மூடி, செருப்பை மாட்டினாள். தெருமுனையில் கம்பெனி வேன் ஆரன் அடித்தது.

"யோசிக்கணும்" என்றாள். வேனைப் பார்த்து வேகமாக நடந்தாள்.